ஆக்லாந்தின் மண்ணுக்கு அடியில்: கேபிள் வழியே ஒரு பயணம்

ஆக்லாந்து நடுநகரிலிருந்து தென்கிழக்கே எட்டொன்பது கிலோமீட்டர் போனால் பென்ரோஸ் வருகிறது. சுற்றுலாக் கையேடுகள் இந்தப் பகுதியைப் பொருட்படுத்துவதில்லை. கிடங்குகள், பட்டறைகள், தெற்கு நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல், இவற்றுக்கு நடுவே கம்பிவேலி போட்ட பெரிய துணை மின்நிலையம் ஒன்று. தெற்கிலிருந்து உயர்கோபுரக் கம்பிகளில் வரும் மின்சாரம் இங்கே தரையிறங்கி, நகரத்தை நோக்கி மண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. ஆக்லாந்துக்கு வருகிறவர்கள் ஸ்கை டவரில் ஏறுவார்கள். படகேறி ரங்கிடோட்டோ எரிமலைத் தீவுக்குப் போவார்கள். மின்காப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியில் அக்கறை உள்ளவர்களுக்கு, பென்ரோஸிலிருந்து துறைமுக ஓரத்துக் கீ தெரு வரையிலான வழிதான் இந்நகரத்தின் முதன்மையான காட்சி. அந்தக் கேள்விக்கு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் விடை தேடியிருக்கிறார்கள். நல்ல விடைகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால் 1998இல் இந்த நகரம் பட்ட பாடு, அந்த விடைகள் எந்த இடத்தில் குறைபடுகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியது. காப்பின் ஆயுள் காப்புப் பொருளுக்குள் மட்டும் எழுதப்பட்டிருப்பதில்லை. அது புதைந்திருக்கும் மண், அந்த மண்ணின் ஈரம், மேலே வாழும் நகரத்தின் பழக்கம் எல்லாமே அதை எழுதுகின்றன. இந்த வழியில் நடந்து இதைத்தான் நிறுவ விரும்புகிறேன்.

நடந்தது இது. ஆக்லாந்தின் வணிக மையத்துக்கு மின்சாரம் கொடுத்தவை நான்கு 110 கிலோவோல்ட் நிலத்தடிக் கேபிள்கள். மவுன்ட் ராஸ்கிலிலிருந்து லிவர்பூல் தெருவுக்கு வந்தவை இரண்டு, பென்ரோஸிலிருந்து கீ தெருவுக்கு வந்தவை இரண்டு. இவற்றில் ஓர் இணை, காகிதக் காப்புக்கு நைட்ரஜன் வாயுவின் அழுத்தம் துணைநின்ற பழைய வகை. ஏறத்தாழ 40 ஆண்டு வயது. மற்ற இரண்டும் எண்ணெய் நிரப்பியவை, வயதில் இளையவை. 1998 ஜனவரி 22 அன்று வாயுக் கேபிள்களில் ஒன்று பழுதாயிற்று. பிப்ரவரி 9 அன்று அதன் இணையும் போயிற்று. 19 அன்று எண்ணெய்க் கேபிள் ஒன்று. மறுநாள் 20 அன்று கடைசிக் கேபிள். ஒரு நவீன நகரத்தின் மையப்பகுதி ஐந்து வாரம் முறையான மின்சாரம் இல்லாமல் கிடந்தது. பல்லாயிரம் ஊழியர்கள் வீட்டிலிருந்தோ வேறு ஊர்ப்பகுதிகளிலிருந்தோ வேலை செய்தார்கள். அடுக்ககங்களில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வேறிடம் தேடிப் போனார்கள். நடைபாதைகளில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமின. யூனியன் ரோட்டருவா என்ற சரக்குக் கப்பல் தன் எந்திரங்களிலிருந்து நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தது. பென்ரோஸிலிருந்து ரயில்பாதை ஓரமாகக் கம்பம் நட்டு அவசர மின்தடம் ஒன்றை இழுத்து முடித்த பிறகு, மார்ச் 27 அன்றுதான் நெருக்கடி தீர்ந்தது. நான்கு கேபிள்களும் நான்கு வாரத்துக்கும் சற்றே கூடுதலான காலத்தில் அடுத்தடுத்து விழுந்தது ஏன் என்பதே இங்கே ஆராய வேண்டியது.

அதற்கு முன் எண்ணெய்க் கேபிளின் வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும். நடுவில் எண்ணெய் ஓடுவதற்கான வெற்றுக் குழல். அதைச் சுற்றி முறுக்கிய செம்புக் கம்பிகள். செம்பின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குகளாகச் சுற்றிய காகித நாடா. ஒவ்வொரு நாடாவும் விரல்நுனியில் கிழியக்கூடிய மெல்லிய தாள்தான். எண்ணெயில் ஊறி, இடைவெளி மாறிமாறி விழும்படி சுற்றப்பட்டபின் பல்லாயிரம் வோல்ட்டைத் தடுத்து நிறுத்துகிறது. மேலே உலோக உறை, அதற்கும் மேல் அரிப்புத் தடுக்கும் மேலுறை. 110 கிலோவோல்ட் மும்முனை அமைப்பில் ஒவ்வொரு கடத்திக்கும் உறைக்கும் இடையே சுமார் 63,500 வோல்ட் நிற்கிறது. அதைத் தாங்குவது ஒருசில சென்டிமீட்டருக்குள் அடங்கும் அந்தக் காகிதச் சுவர். காகிதம் என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்குச் சராசரியாக ஆயிரம் அலகுக்கு மேல் இருக்கும். சூடும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கின்றன. சராசரி 200 அலகு அளவுக்கு இறங்கிவிட்டால் காகிதம் தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று மின்மாற்றித் துறையினர் கணக்கில் வைக்கிறார்கள். அப்போதும் அது மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் கடத்தி சற்று அசைந்தாலும் விரிசல் விடும். ஆக, மின்காப்பின் முதுமை பெரும்பாலும் வேதிவினையாகத் தொடங்கி, இயந்திர பலவீனமாக வளர்ந்து, மின்சாரத் துளையாக முடிகிறது.

வேதிவினை என்பதால்தான் அதை முன்கூட்டிக் கணிக்கும் வழி கிடைத்தது. வெப்பநிலை உயர உயர வினையின் வேகம் எப்படிப் பெருகுகிறது என்பதற்கான சமன்பாட்டை ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889இல் தந்தார். 1930இல் மான்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர், மின்மாற்றிக் காப்பின் வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகிறது என்ற நடைமுறை விதியை வெளியிட்டார். 1948இல் தாமஸ் டேக்கின் இவ்விரண்டையும் இணைத்து, காப்பின் சிதைவு வேதிவினை வேகத்துக்குக் கட்டுப்பட்டது என்று விளக்கினார். இன்று மோட்டாரின் பெயர்ப்பலகையில் காணும் பி, எஃப், எச் என்ற எழுத்துகளுக்குப் பின்னே நிற்கும் 130, 155, 180 டிகிரி வரம்புகள் இந்தச் சிந்தனையின் வழிவந்தவை. சோதனை முறை எளிது. பயன்பாட்டில் காணும் சூட்டைவிடப் பல பத்து டிகிரி அதிகமான சூட்டில் மாதிரிகளை உலையில் வைத்து, அவை எத்தனை மணிநேரத்தில் கெடுகின்றன என்று பார்ப்பார்கள். ஆயுளின் மடக்கையையும் தனிவெப்பநிலையின் தலைகீழையும் வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டைக் குறைந்த சூட்டை நோக்கி நீட்டி, வழக்கமாக 20,000 மணிநேர ஆயுள் எந்த வெப்பநிலையில் கிடைக்கும் என்று வாசிப்பார்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்த்ததை வைத்துப் பல ஆண்டுகளைச் சொல்லும் இந்த முறை மனித அறிவின் பெரிய சாதனைகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கோட்டை நீட்டும்போதே ஒரு வாக்குறுதியும் சேர்ந்து நீள்கிறது: உலையில் நடந்த அதே வினைதான் மண்ணுக்குள்ளும் நடக்கும், அதே வெப்பநிலைதான் அங்கும் நிலவும் என்ற வாக்குறுதி.

மின்னழுத்தத்துக்கு வேறு விதி. காப்பின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தாங்கும் மின்புலம் கூடினால், ஆயுள் அந்தப் புலத்தின் ஓர் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. திடக் காப்புப் பொருள்கள் பலவற்றுக்கு இந்த அடுக்கெண் 9ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 9 என்று கொண்டால், இருமடங்கு அழுத்தத்தில் ஆயுள் 512இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே இருமடங்கு அழுத்தத்தில் 1,000 மணிநேரம் தாங்கிய மாதிரி, இயல்பான அழுத்தத்தில் 5,12,000 மணிநேரம், அதாவது 58 ஆண்டு தாங்கும் என்று கணக்கு சொல்லும். உண்மையான அடுக்கெண் 7ஆக இருந்துவிட்டால் அதே மாதிரியின் ஆயுள் 15 ஆண்டுக்கும் குறைவு. ஆய்வுக்கூடத்தில் ஒரே நாற்பது நாள் சோதனை. வெளியே ஒரு தலைமுறை வித்தியாசம். போதாததற்கு, ஒரே அழுத்தத்தில் வைத்த ஒரே மாதிரியான துண்டுகள் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. சில விரைவில் போகும், சில நீடிக்கும். இந்தப் பரவலை வேபுல் பரவல் என்ற புள்ளியியல் வடிவில் எழுதுவது வழக்கம். அதில் ஆயுள் என்று சொல்லப்படும் எண், நூற்றுக்கு 63 மாதிரிகள் கெட்டுமுடியும் நேரம். நகரத்துக்கு மின்சாரம் கொடுப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயனில்லை. நூற்றில் முதலாவது எப்போது கெடும் என்பதே அவருக்குத் தேவை. பல கிலோமீட்டர் நீளக் கேபிளில் மிக பலவீனமான ஒரு சாண் இடம் கெட்டாலே கேபிள் முழுவதும் கெட்டதாகிவிடும் என்பதால், நீளம் கூடக்கூட அந்த முதல் பழுது முன்னே வந்துகொண்டே இருக்கும்.

வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து தாக்கும்போது இரண்டின் விளைவையும் தனித்தனியே கணித்துக் கூட்டினால் போதாது. சூடேறிய காகிதத்தில் மின்னிழப்பு கூடுகிறது; அந்த இழப்பே மேலும் சூடாகிறது. சூட்டில் உண்டாகும் சிறு குமிழ்களில் பகுதி மின்னிறக்கம் தொடங்கினால் அது காப்பை உள்ளிருந்து அரிக்கிறது. இன்னொரு முரண்பாடும் உண்டு. அழுத்தத்துக்கு அஞ்சிக் காப்பைத் தடிமனாக்கினால் மின்புலம் குறையும். ஆனால் செம்பில் பிறக்கும் சூடு வெளியேற அதே தடிமன் தடையாகும். மின்சாரத்தை அடைத்து வைப்பதில் தேர்ந்த பொருள்கள் பெரும்பாலும் வெப்பத்தையும் அடைத்து வைப்பவை. எனவே ஒரு கேபிளின் ஆயுளைத் தீர்மானிக்கும் கடைசிக் கேள்வி, பிறந்த சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்பதே. காகிதத்தைக் கடந்து, உறையைக் கடந்து, அது மண்ணை அடைகிறது. பென்ரோஸை விட்டு வடமேற்கே நடக்கத் தொடங்குபவர் காலடியில் மிதிப்பது அந்தக் கடைசி வழியைத்தான்.

இந்த மண் ஒரே சீரானதல்ல. ஏறத்தாழ 50 எரிமலை வாய்கள் சிதறிக்கிடக்கும் நிலப்பரப்பின் மேல் ஆக்லாந்து கட்டப்பட்டிருக்கிறது. பென்ரோஸிலிருந்து புறப்பட்டால் இடப்புறம் மவுங்காகீகீ குன்று தெரிகிறது. மாவோரி மக்கள் வெட்டிய படிமேடைகள் அதன் சரிவில் இன்றும் பசும்புல் போர்த்துக் கிடக்கின்றன. நியூமார்க்கெட்டை நெருங்கும்போது மேற்கே மவுங்காவாவ் என்ற மவுன்ட் ஈடன் எழுந்து நிற்கிறது. வீட்டு மதில்களிலும் தோட்டக் கரைகளிலும் கரிய எரிமலைப் பாறை. குன்றுகளின் ஓரத்தில் துளைதுளையான செங்கரிய எரிமலைக் கற்கள். எரிமலை எட்டாத இடங்களில் களிமண்ணும் மணற்பாறையும். துளையுள்ள எரிமலைக் கல் மழைநீரை உடனே வடித்துவிடும். களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காய்ந்தால் வெடித்து, கேபிளுக்கும் மண்ணுக்கும் இடையே காற்றை விடும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. ஆகவே ஒரே தயாரிப்பு, ஒரே மின்னோட்டம், ஒரே நாள் என்றாலும், வழியில் ஒரு திருப்பத்தில் கேபிள் குளிர்ச்சியாகவும் அடுத்த திருப்பத்தில் காய்ச்சலோடும் இருக்கலாம்.

எண்களில் பார்த்தால் இதன் கனம் புரியும். மண்ணின் வெப்பத்தடையைக் குறிக்கும் எண் ஈரமண்ணுக்கு 1ஐ ஒட்டி இருக்கும்; முழுக்க உலர்ந்த மண்ணுக்கு 2.5, 3 என்று ஏறும். மண் 20 டிகிரி, கடத்தி 85 டிகிரி வரை போகலாம் என்று வடிவமைத்த ஒரு கேபிளை எடுத்துக்கொள்வோம். அனுமதித்த 65 டிகிரி ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணின் தடையால் வருகிறது என்று கொள்வோம். மண் உலர்ந்து அதன் தடை இருமடங்கானால், அதே மின்னோட்டத்தில் ஏற்றம் 65இலிருந்து சுமார் 108 டிகிரி ஆகும். கடத்தி 128 டிகிரியைத் தொடும். பழைய வரம்புக்குள் நிறுத்த வேண்டுமானால் மின்னோட்டத்தை ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பைச் செய்யாமல் வெறும் 16 டிகிரி கூடுதலாகத் தொடர்ந்து ஓடினாலே, மான்ட்சிங்கர் விதிப்படி ஆயுள் கால்பங்காகிறது. இதில் இன்னும் கவலைக்குரியது, உலர்த்தும் வேலையைக் கேபிளே செய்கிறது என்பது. அதன் மேற்பரப்பு ஓர் அளவுக்கு மேல் சூடானால் சுற்றியுள்ள ஈரம் வெளிப்புறமாக நகர்ந்துவிடுகிறது. உலர்ந்த வளையம் உண்டாகிறது. வளையம் சூட்டைத் தேக்குகிறது. தேங்கிய சூடு வளையத்தை இன்னும் அகலமாக்குகிறது. 1998 பழுதுகளைப் பின்னர் ஆராய்ந்த பொறியாளர்கள் இதனோடு ஒத்துப்போகும் முடிவுக்கே வந்தார்கள். கேபிளைச் சுற்றிய மண்ணும் நிரப்புப் பொருளும் வடிவமைப்பில் எண்ணியதைவிட மோசமாக வெப்பத்தைக் கடத்தின. கேபிள்கள் காகிதத்தில் எழுதியிருந்த திறனை மண்ணுக்குள் பெற்றிருக்கவில்லை. கடத்தி சூடேறி நீண்டு, ஆறிச் சுருங்கி, இணைப்புகளை இழுத்து அலைக்கழித்ததும் அதோடு சேர்ந்தது.

கீ தெருவை அடையும்போது வழி கடலோரத்தில் முடிகிறது. ஒருபக்கம் துறைமுகக் கொட்டகைகள், மறுபக்கம் கண்ணாடிக் கோபுரங்கள். நியூசிலாந்து நாட்டின் மின்தேவை குளிர்காலத்தில்தான் உச்சத்துக்குப் போகும். ஆனால் இந்தக் கோபுரங்களின் தேவை குளிரூட்டிகளால் கோடையில் ஏறுகிறது. 1998இன் கோடை எல் நினோவையொட்டி வழக்கத்தைவிடச் சூடாகவும் வறண்டும் இருந்தது. அலுவலகங்களுக்குள்ளிருந்து வெப்பத்தை வெளியேற்ற நகரம் அதிக மின்சாரம் இழுத்தது. அந்த மின்சாரம் மண்ணுக்கடியில் கேபிளைச் சூடாக்கியது. அந்த மண்ணிலோ சூட்டை வாங்கிக்கொள்ள ஈரமில்லை. நான்கு கேபிள்கள் இருந்ததால் பாதுகாப்பு நான்கு மடங்கு என்று நம்புவது இயல்பு. ஒவ்வொன்றும் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், நான்கும் ஒருசேரப் பழுதாகும் வாய்ப்பு பத்துக்கோடியில் ஒன்று என்று பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும். ஆனால் அந்தப் பெருக்கல், ஒன்றின் கேடு மற்றதைத் தொடாது என்றால் மட்டுமே செல்லும். இங்கே நான்குக்கும் கோடை ஒன்று, நகரம் ஒன்று. ஒன்று விழுந்ததும் அதன் சுமை மற்றவற்றின் தலையில் ஏறியது. மின்னோட்டம் கூடினால் சூடு அதன் வர்க்கமாகக் கூடும். முதல் பழுதே அடுத்த பழுதை நெருங்கிவரச் செய்தது. காப்பின் ஆயுளைத் தனித்தனிக் கேபிளுக்குக் கணித்து வைத்திருப்பவர், இந்தப் பிணைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஆபத்து மிகும் நாளில்தான் மிகுந்த நம்பிக்கையோடு இருப்பார்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, வயது. வாயுக் கேபிள்கள் நாற்பது ஆண்டு உழைத்தவை, பராமரிப்பிலும் திட்டமிடலிலும் குறைகள் இருந்தன, ஆகவே மண்ணைக் குற்றம் சொல்வது நிர்வாகத்தின் பொறுப்பை மறைப்பதாகும் என்பது. பொறுப்பை மறைக்கக் கூடாது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அரசு நடத்திய விசாரணையும் இடர்களைக் கையாண்ட விதத்தைக் கடுமையாக ஆராய்ந்தது. ஆனால் வயது மட்டும் காரணமென்றால், இளைய எண்ணெய்க் கேபிள்கள் அடுத்தடுத்த நாட்களில் ஏன் விழுந்தன? நாட்காட்டி ஆண்டுகளை எண்ணும். காப்பு அந்த ஆண்டுகளைக் கழித்த சூட்டை எண்ணும். இதற்கு நேர்மாறான சான்றும் கைவசம் இருக்கிறது. மேம்படுத்திய காகிதம் சுற்றிய மின்மாற்றிக்கு, அதன் மிகச் சூடான புள்ளி எந்நேரமும் 110 டிகிரியில் நின்றால் ஆயுள் 1,80,000 மணிநேரம், அதாவது இருபதரை ஆண்டு என்று அமெரிக்கத் தரநிலை கணக்கிடுகிறது. ஆனால் நாற்பது ஆண்டு கடந்தும் உழைக்கும் மின்மாற்றிகள் உலகெங்கும் உள்ளன. காரணம் எளியது: அவை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தச் சூட்டுக்கு வெகு கீழே கழித்தவை. ஒருபுறம் எதிர்பார்த்ததற்கு முன்பே விழுந்த கேபிள், மறுபுறம் எதிர்பார்த்ததைத் தாண்டி வாழும் மின்மாற்றி. இரண்டையும் ஒரே விதி விளக்குகிறது. ஆகவே பொறுப்பு என்பதன் முதல் உள்ளடக்கமே, உண்மையான வெப்பநிலையை அறிந்து வைத்திருக்கும் கடமைதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கணிப்பு இப்படி வெளியுலகால் கவிழுமென்றால் அர்ரீனியஸ் கோட்டையும் அடுக்கு விதியையும் தூக்கி எறிந்துவிடலாமே என்பது. இந்தத் தரப்பினருக்குச் சாதகமாக ஒரு வலிய சான்றை நானே முன்வைக்கிறேன். 1960களிலும் 70களிலும் காகிதத்துக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் காப்புள்ள கேபிள்கள் பரவின. வெப்பச் சோதனைகளில் அவை நன்றாகத் தேறின. நாற்பது ஆண்டு வரும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் அமெரிக்காவில் புதைத்த முதல் தலைமுறைக் கேபிள்கள் பல அதில் பாதிக் காலத்துக்குள் பழுதாகத் தொடங்கின. மண்ணின் ஈரம் பாலிஎத்திலீனுக்குள் புகுந்து, மின்புலத்தின் தூண்டுதலால் கிளைகிளையாகப் பரவியிருந்தது. நீர்மரம் என்று அதற்குப் பெயர். உலர்ந்த உலையில் எத்தனை சூடேற்றினாலும் அது தோன்றாது. சோதனை அளந்த வினை வேறு, களத்தில் கொன்ற வினை வேறு. ஆனால் இதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். யாரும் சோதனையைக் கைவிடவில்லை. நீரில் ஊறவைத்து அழுத்தம் கொடுக்கும் புதிய சோதனைகள் வந்தன. நீர்மரத்தைத் தாமதப்படுத்தும் பாலிஎத்திலீன் கலவைகள் வந்தன. உயர் அழுத்தக் கேபிள்களுக்கு ஈரம் புகாத உலோக உறை வழக்கமாயிற்று. விதி தோற்ற இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, கேட்க மறந்த கேள்வி. கணிப்பைத் தூக்கி எறிந்திருந்தால் அந்தக் கேள்வியும் எழுந்திருக்காது. எதிர்பார்ப்பு ஒன்று எழுத்தில் இருந்ததால்தான், நடப்பது அதனின்று விலகுகிறது என்பதை அறிய முடிந்தது.

மூன்றாவது மறுப்பு கட்டுமானப் பொறியாளர்களிடமிருந்து வரும். மண்தான் சிக்கல் என்றால் மண்ணை விட்டே விலகிவிடுவோம் என்பார்கள். ஆக்லாந்து அதையே செய்தது. கீ தெருவிலிருந்து மேலேறி ஸ்கை டவரின் பக்கமாகப் போகும் ஹாப்சன் தெருவில் நின்றால், நெருக்கடிக்குப் பின் பென்ரோஸிலிருந்து லிவர்பூல் தெரு வழியாக இங்கே வரை குடைந்த கேபிள் சுரங்கத்தின் மறுமுனைக்கு மேலே நிற்கிறோம். 9 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளம், ஆளிறங்கிப் பார்வையிடக்கூடிய அகலம், காற்றோட்டம் உண்டு. பின்னாளில் தேசிய மின்கட்டமைப்பின் 220 கிலோவோல்ட் கேபிளும் இதே சுரங்கம் வழியாக வந்து, துறைமுகப் பாலத்தில் ஏறி வடகரைக்குப் போனது. உலர்ந்த களிமண்ணின் கையிலிருந்த சூட்டை, மனிதர் கட்டுப்படுத்தக்கூடிய காற்றின் கைக்கு மாற்றியது மிகச் சரியான முடிவு. ஆனால் இது என் வாதத்தை மறுக்கவில்லை. அதைக் கட்டடமாகவே எழுப்பிக் காட்டுகிறது. காப்பின் ஆயுளை நீட்ட அவர்கள் முதலில் மாற்றியது, காப்பு இருக்கும் இடத்தை. அதோடு, எல்லா நகரங்களும் எல்லாத் தெருவுக்கும் கீழே சுரங்கம் குடைய முடியாது. உலகின் நிலத்தடிக் கேபிள்களில் பெரும்பங்கு இன்றும் நேரே மண்ணில் கிடப்பவை. சென்னை போன்ற நகரங்களில் மண்ணின் இயல்பான சூடே ஆக்லாந்தைவிட அதிகம். மழை வருவதற்கு முந்திய மாதங்களில்தான் குளிரூட்டிகளும் உச்சத்தில் ஓடும், நிலமும் காய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு ஆக்லாந்தின் சுரங்கத்தைவிட ஆக்லாந்தின் பாடமே உடனே பயன்படக்கூடியது.

நான்காவது மறுப்பு இக்காலத்துக்கே உரியது. கேபிளோடு கண்ணாடி இழையைப் பதித்து, அதனுள் ஒளியைச் செலுத்தி, வழிநெடுக ஒவ்வொரு மீட்டரின் சூட்டையும் அளக்க முடிகிறது. பகுதி மின்னிறக்கத்தைக் கேட்டறியும் கருவிகளும் உள்ளன. இனிக் கணிப்பு எதற்கு என்பது. அளவீடு இன்றைய சூட்டைச் சொல்லும். அந்தச் சூட்டில் எத்தனை ஆண்டு செலவாகிறது என்று சொல்ல விதி வேண்டும். காய்ச்சல்மானி நோயின் போக்கைச் சொல்லாது. மருத்துவ அறிவுதான் சொல்லும். மேலும் கருவி எங்கே பார்க்கிறது என்பதும் கேள்வி. 2014 அக்டோபர் 5 அதிகாலையில் அதே பென்ரோஸ் துணை மின்நிலையத்தின் கேபிள் தடத்தில் தீப்பிடித்தது. ஒரு கேபிளின் இணைப்பு பழுதாகி, அருகருகே கிடந்த மற்றக் கேபிள்களையும் நெருப்பு பற்றியது. பல்லாயிரம் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. இணைப்பு என்பது ஆலையில் பிறந்த காப்பின் நடுவே, குழிக்குள் உட்கார்ந்து ஒரு தொழிலாளி கையால் செய்த காப்பு. தூசி, ஈரம், கத்தியின் ஒரு கீறல், எல்லாம் அங்கே உள்ளே புகலாம். கேபிளின் ஆயுளைச் சொல்லும் எண், இணைப்பின் ஆயுளைச் சொல்வதில்லை. எங்கே மிகச் சூடு, எங்கே மிக பலவீனம், எவை ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்து ஒன்றாக அழியக்கூடியவை என்ற மூன்றையும் வழித்தடத்தைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். கருவியை எங்கே பொருத்துவது என்பதையும் அவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே, மின்காப்பின் ஆயுளாக எவரேனும் ஓர் எண்ணைத் தந்தால், அதனோடு நான்கு செய்திகளையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் முடிவு. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் அது உண்மை? எந்தக் கேடு நிகழும் என்று கருதி அந்தக் கோடு நீட்டப்பட்டது? ஈரமும் அசைவும் அதில் உண்டா? அந்த வெப்பநிலை வழியின் மிகச் சூடான இடத்தில் அளந்ததா, வரைபடத்தில் ஊகித்ததா? பக்கத்துக் கேபிள் விழுந்து அதன் சுமை இதன்மேல் ஏறினால் எண் எவ்வளவு சுருங்கும்? இந்த நான்கும் இல்லாத ஆயுள்கணிப்பு, நிபந்தனைகளைக் கிழித்தெடுத்த ஒப்பந்தம். இவற்றுக்கு விடை தேட உலகத்தரத்து ஆய்வுக்கூடம் தேவையில்லை. வழித்தடத்தில் ஆங்காங்கே மண்ணெடுத்து அதன் வெப்பத்தடையைச் சோதிப்பது, கோடைதோறும் அதைத் திரும்பச் செய்வது, கேபிள் மேல் புதிதாகப் போட்ட சாலையையும் பக்கத்தில் புதைத்த குழாயையும் பதிவுசெய்வது, அதன்படி ஆயுள்கணக்கைத் திருத்துவது ஆகியவை எந்த மின்வாரியத்தின் சக்திக்கும் உட்பட்டவை. செலவும், இருளில் ஐந்து வாரம் கிடக்கும் நகரத்தின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அர்ரீனியஸும் மான்ட்சிங்கரும் டேக்கினும் தந்த விதிகள் நம்பத்தக்கவை. அவற்றுக்கு நாம் கொடுக்கும் வெப்பநிலையும் அதே அளவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். அதைத் தேடி மண்ணுக்குள் இறங்கிப் பார்க்கும் பணியைக் கணிப்பின் பின்னிணைப்பாக வைக்காமல், கணிப்பின் முதல் பக்கமாக வைக்க வேண்டும்.